பல்லிடுக்கில் ஒரு ஸ்பிளிட் பின்

செல்விக்கும் ராசுவுக்கும் அப்பா எழுதுவது.

போன மாதம் பழனிக்குப் போய்விட்டுத் திரும்பும்போது, ராசுவின் காரில் சாய்ந்து கண்ணை மூடியிருந்தேன். தூக்கம் என்றும் சொல்ல முடியாது, விழிப்பு என்றும் சொல்ல முடியாது. ஜன்னலில் தென்னந்தோப்பு நிழலும் வெயிலும் மாறி மாறி வந்து இமை மேல் விழுந்துகொண்டிருந்தன. அந்த மயக்கத்துக்குள் எங்கேயோ ஒரு வண்டு ரீங்காரம் போட்டது. தூரத்துக் கிணற்று மேட்டில் பறக்கிற வண்டு மாதிரி. வண்டி வலது பக்கம் வளையும்போது கிட்டத்தில் வந்தது. இடது பக்கம் வளையும்போது தள்ளிப் போனது. கண்ணைத் திறக்காமலே, "ராசு, முன்னால இடது சக்கரத்துல பேரிங் போச்சுய்யா" என்றேன்.

"நீங்க தூங்குறீங்கன்னுல்ல நெனச்சேன்" என்றான்.

மறுநாள் கம்பெனி ஒர்க்‌ஷாப்புக்குப் போனோம். செல்வியும் கூட வந்திருந்தாள். அங்கே இருந்த பையன் நல்ல வேலைக்காரன். குறை சொல்ல ஒன்றுமில்லை. இப்போதெல்லாம் பேரிங், ஹப் எல்லாம் ஒரே துண்டாக அட்டைப் பெட்டியில் வருகிறது. பழையதைக் கழற்றி, புதியதை வைத்து, நான்கு போல்ட்டு முடுக்கி, பெரிய நட்டை ஒரு ஸ்பேனரால் திருக, போதும் என்று அந்த ஸ்பேனரே 'டக்' என்று சொல்லிவிடுகிறது. நட்டின் விளிம்பை உளியால் ஒரு தட்டுத் தட்டி மடக்கினான். முடிந்தது. முக்கால் மணி நேரம்கூட ஆகவில்லை. அவ்வளவு நேரமும் காதுக்கும் தோளுக்கும் நடுவில் செல்போனை இடுக்கிக்கொண்டு, அவனுடைய அக்கா மகள் காதுகுத்துக்கு எத்தனை பேருக்குச் சாப்பாடு என்று யாரிடமோ பேசிக்கொண்டே இருந்தான்.

திரும்பி வரும்போது செல்வி சிரித்துக்கொண்டுதான் சொன்னாள். "பேசிக்கிட்டே எம்புட்டுச் சுளுவா முடிச்சுட்டாரு பாருங்க. நீங்க வேலையில இருந்தா ஒரு வார்த்தை வராதேப்பா. சோப்பு டப்பா ஞாபகம் இருக்கா?"

"இருக்கு" என்றேன்.

செல்வி ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள். நாற்பது வருஷம் ஆகிவிட்டது, அந்தச் சோப்பு டப்பாவுக்கு. எனக்கு வாயால் சொல்வதைவிட எழுதினால்தான் கொஞ்சமாவது ஒழுங்காக வரும். எட்டாவதோடு பள்ளிக்கூடத்தை விட்டவன் எழுதுவது. பிழை இருந்தால் ராசு திருத்திக்கொள்ளட்டும்.

நான் வேலைக்குச் சேர்ந்தது ஆரோக்கியம் மேஸ்திரியின் ஷெட்டில். திண்டுக்கல்லில் திருச்சி ரோட்டில் ஒரு புளியமரத்தடி, மேலே தகரம், மூன்று பக்கம் கீற்று. சேரும்போது எனக்குப் பதினேழு வயது. முதல் இரண்டு வருஷம் மண்ணெண்ணெயில் சாமான் கழுவினேன். அடுத்த வருஷம் நட்டு கழற்றினேன். அதற்கடுத்த வருஷம் அதைத் திரும்ப மாட்ட விட்டார்கள். அவ்வளவுதான் என் படிப்பு. கல்யாணமாகி செல்வி பிறந்தபோது நான் அந்த ஷெட்டில் இரண்டாவது ஆளாகிவிட்டேன். மூன்றாவது ஆள் டிங்கர் பாட்சா பாய். மட்கார்டு நெளிசல் எடுப்பது அவர் வேலை. நெளிசலை எடுத்துக்கொண்டே வாயும் ஓயாமல் ஓடும். மேஸ்திரிக்கும் சேர்த்து அவர் பேசினார் என்றுதான் சொல்ல வேண்டும்.

ஏனென்றால் மேஸ்திரி பேச மாட்டார். காக்கி அரைக்கால் சட்டை, மேலே வெள்ளைச் சட்டை. கிரீஸுக்கு நடுவில் பொழுதெல்லாம் நின்றாலும் சாயந்திரம் அந்தச் சட்டை வெள்ளையாகவே வீட்டுக்குப் போகும். எப்படி என்று எனக்கு இன்றுவரை தெரியாது. வண்டியில் என்ன கோளாறு என்று ஓட்டுகிறவர் சொல்லச் சொல்ல, இவர் மட்கார்டு மேல் கையை வைத்துக்கொண்டு மலைக்கோட்டைப் பக்கம் பார்த்துக்கொண்டு நிற்பார். காது கொடுத்தாரா இல்லையா என்றே தெரியாது. அப்புறம் என்னைப் பார்த்து ஒரு விரலால் ஒரு இடத்தைக் காட்டுவார். கோளாறு அங்கேதான் இருக்கும். ஜாக்கியை இறக்குவதற்கு முன்னால் சின்னதாக ஒரு சிலுவை போட்டுக்கொள்வார். வண்டி சேதமில்லாமல் தரையில் உட்கார்ந்ததும் முகத்தைத் துடைத்துக்கொள்வார்.

அந்தக் காலத்தில் ஹப் வேலை, அதாவது சக்கரத்தின் நடுக்குடத்து வேலை, எப்படி என்று சொல்கிறேன். அது தெரிந்தால்தான் மற்றது புரியும்.

சக்கரத்தைக் கழற்றினால் நடுவில் கிண்ணம் கவிழ்த்த மாதிரி ஒரு மூடி இருக்கும். அதைத் தட்டி எடுத்தால் உள்ளே கிரீஸுக்குள் ஒரு நட்டு. நட்டின் தலையில் கோட்டைச் சுவர் மாதிரி வெட்டு வெட்டாக இருக்கும். அந்த வெட்டு வழியாக, அச்சில் உள்ள துளைக்குள் ஒரு ஸ்பிளிட் பின் போயிருக்கும். வேறொன்றும் இல்லை, இரண்டு கால் உள்ள ஒரு கம்பி. உள்ளே விட்டுக் காலை ஆளுக்கொரு பக்கமாக மடக்கிவிட்டால் நட்டு திரும்பாது. நட்டு திரும்பாவிட்டால் ஹப் வெளியே வராது. ஹப் வராவிட்டால் சக்கரம் வண்டியோடு இருக்கும். விரல் நீளம்கூட இல்லாத அந்தக் கம்பியை நம்பித்தான் உள்ளே ஜனம் உட்கார்ந்து போகிறது.

பழைய பேரிங்கின் வெளிவளையம் ஹப்புக்குள் இறுகிக் கிடக்கும். பித்தளைக் கம்பியை வைத்து, இந்தப் பக்கம் ஒரு தட்டு, அந்தப் பக்கம் ஒரு தட்டு என்று, கோணாமல் வெளியே கொண்டுவர வேண்டும். புதுசை உள்ளே வைக்க மேஸ்திரி ஒரு வழி வைத்திருந்தார். ஹப்பைக் கழுவித் துடைத்துத் தகரத்தின் மேல் வெயிலில் வைத்துவிடுவார். பேரிங்கை எண்ணெய்க் காகிதத்தோடு தண்ணீர்ப் பானையின் ஓரம், ஈரச் சாக்கின் மேல் வைப்பார். திண்டுக்கல் வெயிலுக்குத் தகரம் என்ன பாடுபடும் என்று உங்களுக்குத் தெரியும். உச்சி வேளையில் சாக்கைப் பிடித்து ஹப்பைத் தூக்கிக்கொண்டு ஓடி வந்து, குளிர்ந்த பேரிங்கை வைத்தால், சுத்தியல் வேலையே அதிகம் இருக்காது. சூட்டில் விரிந்த ஹப் அதைத் தானாக உள்ளே வாங்கிக்கொள்ளும். ஆறினதும் இறுக்கிப் பிடித்துக்கொள்ளும். அது உள்ளே இறங்கும்போது ஒரு சத்தம் வரும். பெருமூச்சு மாதிரி. அந்தச் சத்தத்துக்காகவே நான் உச்சி வேளைக்குக் காத்திருப்பேன்.

பிறகு உள்ளங்கையில் கிரீஸை எடுத்து, பேரிங்கின் விளிம்பை அதில் அழுத்தி அழுத்தி, மறுபக்கம் கிரீஸ் கசியும்வரை ஊட்ட வேண்டும். மாட்டி, சக்கரத்தைக் கையால் சுற்றிக்கொண்டே நட்டை முடுக்க வேண்டும். இறுக்கினால் சூடேறும், தளர்த்தினால் ஆடும். இரண்டுக்கும் நடுவில் ஒரு இடம் இருக்கிறது. அங்கே சக்கரம் சத்தமில்லாமல், தண்ணீரில் சுற்றுகிற மாதிரி சுற்றும். சுற்றுகிற சக்கரத்தைப் பார்த்தபடி குந்தியிருந்தால் ரோட்டில் போகிற வண்டிச் சத்தமெல்லாம் எங்கோ போய்விடும். தோல் பதனிடுகிற ஷாப்பு வாடை, பூட்டுப் பட்டறையில் அரம் போடுகிற சத்தம், எல்லாம் விலகிவிடும். நானும் அந்தச் சக்கரமும்தான்.

அந்த நேரத்துக்கென்று மேஸ்திரி ஒரு சட்டம் வைத்திருந்தார். ஹப்பை அச்சில் ஏற்றியதும் புது ஸ்பிளிட் பின்னை எடுத்துப் பல்லில் கடித்துக்கொள்ள வேண்டும். அது உள்ளே போகிறவரை வாயை விட்டு எடுக்கக் கூடாது. வாயில் கம்பி இருந்தால் பேச முடியாது. பேசாவிட்டால் கவனம் சிதறாது. கம்பி இரும்பு ருசியோடு நாக்கில் உறுத்திக்கொண்டே இருப்பதால் மறந்தும் போகாது. சக்கரத்தை மாட்டி முடித்ததும் மேஸ்திரி வந்து நிற்பார். "வாயைக் காட்டு" என்பார். நாங்கள் 'ஆ' என்று காட்ட வேண்டும். வாய் காலியாக இருந்தால், பின் அது இருக்க வேண்டிய இடத்தில் இருக்கிறது என்று அர்த்தம். அப்புறம்தான் ஜாக்கியை இறக்குவார்.

பாட்சா பாய்க்கு இது ஒரு பெரிய தமாஷ். "வேலு, வீட்டுலயும் இதக் கடிச்சுக்கிட்டே இரு. புருஷன் பொண்டாட்டி தகராறே வராது. எனக்கும் ரெண்டு குடு, எம் பீவிக்கு ஒண்ணு எனக்கு ஒண்ணு" என்பார். நான் பதில் சொல்ல முடியாது. அதனாலேயே அந்த நேரம் பார்த்துத்தான் கிண்டல் பண்ணுவார்.

செல்விக்கு அப்போது மூன்று வயது இருக்கும். ஆஸ்பத்திரி டாக்டரம்மாவின் கறுப்புக் கார் எங்களிடம் வந்தது. ஊரில் தானே கார் ஓட்டுகிற பொம்பளை அவர் ஒருத்தர்தான் என்று நினைக்கிறேன். கொண்டையை இறுக்கி முடிந்து, ஸ்டியரிங்கைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டு போவார். பிள்ளைப்பேறு பார்ப்பதில் அவருக்கு எட்டு ஊர்ப் பேர். கார் முன் இடது சக்கரம் ரீங்காரம் போட்டது. பேரிங் மதுரையிலிருந்து பஸ்ஸில் மறுநாள் காலை வந்து சேர்ந்தது. ஹப்பை வெயிலில் வைத்தோம். சரக்கு எடுக்க மேஸ்திரி ரயில்வே ஸ்டேஷனுக்குப் போனார். போகும்போது விரலால் ஹப்பைக் காட்டிவிட்டுப் போனார். நீயே முடித்துவிடு என்று அர்த்தம்.

பேரிங்கை இறக்கி, கிரீஸ் ஊட்டி, ஹப்பை ஏற்றி, பின்னைப் பல்லில் கடித்துக்கொண்டு நட்டை முடுக்கிக்கொண்டிருந்தேன். அப்போது டாக்டரம்மா நடந்தே வந்துவிட்டார். கையில் தோல் பை. கூடவே ஒரு ஆள், தோளில் துண்டு, கண் இரண்டும் சிவந்து போய். எரியோட்டுக்குப் பக்கத்துத் தோட்டத்தில் விவசாயம் பார்க்கிற கருப்பையா என்று பிறகு தெரிந்தது. பெண்டாட்டிக்கு முந்தாநாளிலிருந்து வலி, மருத்துவச்சி கையை விரித்துவிட்டாள், பஸ் பிடித்து ஓடி வந்திருக்கிறார். அன்றைக்கு முகூர்த்த நாள். ஊரில் இருந்த வாடகைக் கார் எல்லாம் கல்யாணத்துக்குப் போயிருந்தன.

டாக்டரம்மா எனக்கு நேரே வந்து நின்று, "வேலு, இன்னும் எவ்வளவு நேரம் ஆகும்?" என்று கேட்டார்.

நான் எழுந்து நின்றேன். அவ்வளவு பெரிய மனுஷி. செல்வி பிறந்தபோது உங்கள் அம்மாவைக் காப்பாற்றிக் கொடுத்ததும் அவர்தான். அவர் கேட்டதற்குப் பல்லில் கம்பியைக் கடித்துக்கொண்டு தலையாட்டுவதா? பின்னை எடுத்துக் காதில் செருகிக்கொண்டு, "அஞ்சே நிமிஷம்மா" என்றேன்.

"சீக்கிரம்ப்பா. அங்க ஒரு உயிர் இல்ல, ரெண்டு உயிர்" என்றார்.

கருப்பையா கையைக் கூப்பினார். "அப்பு, செத்த வெரசாப் பாருங்க, அப்பு."

என் கை வெரசாகத்தான் வேலை செய்தது. குந்தினேன். சக்கரத்தைச் சுற்றிப் பார்த்தேன். தண்ணீரில் சுற்றுகிற மாதிரி சுற்றியது. மூடியை வைத்துத் தட்டினேன். சக்கரத்தை மாட்டினேன். ஜாக்கியை இறக்கினேன். டாக்டரம்மா ஏறினார், கருப்பையா ஏறினார். கார் புழுதியைக் கிளப்பிக்கொண்டு போனது. நாக்கில் இரும்பு ருசி இல்லை. இல்லை என்பது அப்போது எனக்குத் தெரியவில்லை.

பாட்சா பாய் மட்டும், "இன்னிக்கு ஊமை வாயத் தொறந்து பேசிருச்சேப்பா" என்றார். நானும் சிரித்தேன்.

கை கழுவிச் சாப்பிட உட்கார்ந்தபோது மேஸ்திரி சைக்கிளில் வந்து இறங்கினார். காலி இடத்தைப் பார்த்தார். என்னைப் பார்த்தார்.

"வாயைக் காட்டு."

'ஆ' என்று காட்டினேன். காலி. தலையை ஆட்டிவிட்டு உள்ளே போனார்.

தூக்குச் சட்டியைத் திறந்தேன். பழைய சோறு, வெஞ்சனம் கத்தரிக்காய் வதக்கல். முதல் கவளத்துக்குக் குனிந்தேன். சட்டி விளிம்பில் 'டிங்' என்று ஒரு சத்தம். கத்தரிக்காய்க்குப் பக்கத்தில் அந்த ஸ்பிளிட் பின் கிடந்தது. புதுசு. பளபளவென்று. கால் இரண்டும் மடங்காமல், சேர்ந்தே இருந்தது.

எவ்வளவு நேரம் அதைப் பார்த்துக்கொண்டிருந்தேன் என்று தெரியாது. புளியமரத்து இலை ஒன்று சோற்றில் விழுந்தது. அதையும் பார்த்தேன். இது இன்னும் நடக்கவில்லை, நான் இன்னும் குந்தியிருக்கிறேன், சக்கரம் இன்னும் சுற்றுகிறது என்று ஒரு நினைப்பு. கனவில் ஓட நினைத்தால் கால் வராதே, அந்த மாதிரி. சோற்றுக் கையோடு அதை எடுத்துக்கொண்டு போய் மேஸ்திரி முன்னால் நீட்டினேன். "மேஸ்திரி... டாக்டரம்மா வண்டி" என்றேன்.

அவர் பின்னைப் பார்த்தார். என் காதைப் பார்த்தார். கிரீஸ் கறை அங்கே இருந்திருக்க வேண்டும். திட்டவில்லை. வேலை முடிந்து டெலிவரிக்கு நின்ற ஒரு பழைய வேனை நோக்கி நடந்தார். பாட்சா பாய் ஜாக்கியையும் ஸ்பேனர்ப் பையையும் தூக்கிப் பின்னால் போட்டார். வாழ்க்கையிலேயே முதல் தடவையாக அவர் ஒன்றும் பேசவில்லை.

எரியோடு ரோட்டில் அன்றைக்குப் போன மாதிரி நான் எத்தனையோ தடவை தூக்கத்தில் போயிருக்கிறேன். கிளம்பும்போது மேஸ்திரி சொன்னது இவ்வளவுதான். "இடது ஓரத்தப் பாத்துக்கிட்டே வா. மூடி கெடந்தாச் சொல்லு." பின் இல்லாவிட்டால் நட்டு கொஞ்சம் கொஞ்சமாகத் திரும்பும். நட்டு மூடியைத் தள்ளும். மூடி விழும். அப்புறம் நட்டு. அப்புறம் சக்கரம். எது முதலில் ரோட்டில் கிடக்கும் என்று பார்த்துக்கொண்டே போக வேண்டும்.

உச்சி வெயில் ரோட்டைத் தண்ணீராக்கிக் காட்டியது. தூரத்தில் எல்லாம் மிதந்தன. மாட்டு வண்டி மிதந்தது, பனைமரம் அடியில்லாமல் நின்றது. பளபளவென்று ஏதாவது கண்ணில் பட்டால் வேனுக்கு வெளியே தலையை நீட்டிவிடுவேன். கிட்டே போனால் உடைந்த சோடா பாட்டில். இன்னொன்று, யாரோ தவறவிட்ட பித்தளைக் கரண்டி. ஒரு இடத்தில் கறுப்பாக ஒன்று குப்புறக் கிடந்தது. "மேஸ்திரி!" என்று கத்திவிட்டேன். ஒரு எருமை, பள்ளத்துச் சேற்றில் படுத்திருந்தது. அவர் வேகத்தைக் குறைக்கவே இல்லை. எருமை என்று அவருக்கு முன்பே தெரிந்திருக்கும். பின்னை உள்ளங்கையில் வைத்து மூடியிருந்தேன். வியர்வையில் அது மீன் குஞ்சு மாதிரி வழுக்கியது.

"கார் கவுந்திருந்தா?" என்று கேட்டேன்.

"கவுந்திருந்தா ரோட்டுல தெரியும்" என்றார். கொஞ்ச தூரம் போன பிறகு, "தெரியல பாத்தியா" என்றார். ஆறுதலுக்குச் சொன்னாரா, கணக்குச் சொன்னாரா தெரியாது.

எரியோட்டில் டீக்கடையில் விசாரித்தோம். "டாக்டரம்மா காரா? கருப்பையா தோட்டத்துக்கு அப்பவே போயிருச்சே. மண் பாதையில தடதடன்னு போச்சு" என்றார்கள்.

ஒரு வேப்பமரத்தடியில் கறுப்புக் கார் நின்றது. நான்கு சக்கரமும் இருந்தன. எனக்கு அழுகை வந்துவிட்டது. ஆனால் அழ நேரமில்லை. வீட்டுக்குள்ளிருந்து டாக்டரம்மாவின் குரல் கேட்டது. "இங்க முடியாது, திண்டுக்கல் கொண்டுபோகணும், கட்டிலோட தூக்குங்க!" என்று கத்திக்கொண்டிருந்தார். அதே கார். அதே சக்கரம். பன்னிரண்டு மைல், வந்ததைவிட வேகமாக.

கல்லை அண்டை கொடுத்து ஜாக்கியை வைத்தேன். சக்கரத்தைக் கழற்றினேன். மூடி பாதி வெளியே வந்து தொங்கிக்கொண்டிருந்தது, விரல் பட்டதும் கையோடு வந்துவிட்டது. நான் ஸ்பேனர் போட்டு முடுக்கிய நட்டு, இப்போது இரண்டு விரலால் தொட்டாலே திரும்பியது. திரும்பிய நட்டைத் திரும்ப முடுக்கினேன். பின்னை வேட்டியில் துடைத்துப் பல்லில் கடித்துக்கொண்டேன்.

அப்போதுதான் கட்டிலை வெளியே தூக்கிக்கொண்டு வந்தார்கள். நாலு பேர். கட்டிலில் கருப்பையாவின் பெண்டாட்டி, சின்னப் பிள்ளை, இருபது வயதுகூட இருக்காது, கண் மேலே செருகியிருந்தது. டாக்டரம்மா காரைப் பார்த்தார். கார் ஒரு பக்கம் தூக்கி நின்றது.

"வேலு! நீ எங்க இங்க? வண்டிய ஏன் தூக்கி வச்சிருக்க? எறக்கு!"

நான் திரும்பவில்லை. சக்கர அச்சை ஒரு கையால் பிடித்துக்கொண்டு நட்டின் வெட்டும் துளையும் நேராக வருகிறதா என்று பார்த்துக்கொண்டிருந்தேன். வெட்டு ஒரு மயிரிழை தள்ளி நின்றது.

"வேலு, உன்கிட்டத்தான் கேக்குறேன்!"

பதில் சொல்லவில்லை. கருப்பையா ஓடி வந்து என் சட்டைக் கழுத்தைப் பிடித்து உலுக்கினார். "ஏலே, எம் பொண்டாட்டி சாகுறா, காது கேக்கல? வாயில என்னலே வச்சிருக்க, வாயத் தொறடா!"

மேஸ்திரி நடுவில் வந்து நின்றார். அவர் கையைத் தட்டிவிடவில்லை. என் தோளுக்கும் அவர் கைக்கும் நடுவில் தன் வெள்ளைச் சட்டையைக் கொண்டுவந்து நிறுத்தினார், அவ்வளவுதான்.

"செத்த நேரம் பொறுங்கம்மா" என்றார். "அவன் இப்பப் பேசமாட்டான்."

வேப்பமரத்தில் ஒரு காற்று வந்து போனது. கட்டிலில் அந்தப் பிள்ளை மூச்சு விடுவது கேட்டது. வெட்டும் துளையும் நேரானது. பின்னை வாயிலிருந்து எடுத்துத் துளைக்குள் விட்டேன். தடையில்லாமல் போனது. மறுபக்கம் வந்த இரண்டு காலையும் பிரித்து, ஒன்றை மேலே, ஒன்றைக் கீழே மடக்கினேன். நகத்தால் நிமிண்டிப் பார்த்தேன். மூடியைத் தட்டினேன். சக்கரத்தை மாட்டினேன். மேஸ்திரி கேட்காமலே அவர் பக்கம் திரும்பி வாயைத் திறந்து காட்டினேன். அவர் சிலுவை போட்டுக்கொண்டு ஜாக்கியை இறக்கினார்.

பிறகு டாக்டரம்மாவிடம் சொன்னேன். "பூட்டுற கம்பியப் போடாம அனுப்பிட்டேன்மா. எந் தப்புத்தான்."

அவர் என்னையே பார்த்தார். சக்கரத்தைப் பார்த்தார். "இப்ப ஓடுமா?"

"ஓடும்மா."

"அப்ப நீ முன்னால ஏறு" என்றார்.

பின்னால் அந்தப் பிள்ளையும் அவளுடைய தாயும். முன்னால் நான். கருப்பையா எங்களுக்குப் பின்னாலேயே மேஸ்திரியின் வேனில் வந்தார். ஒரு காதைச் சக்கரத்துக்கும் ஒரு காதைப் பின்னால் வருகிற மூச்சுக்கும் கொடுத்துக்கொண்டு போனேன். சக்கரத்தில் சத்தமே இல்லை. தூரத்தில் திண்டுக்கல் மலை, முதலில் ஒரு நிழலாக, அப்புறம் நீலமாக, அப்புறம் பாறையாக வந்தது. அந்த மலை அவ்வளவு மெதுவாக வந்து நான் பார்த்ததே இல்லை.

பாதி வழியில் டாக்டரம்மா கேட்டார். "நான் கேட்டதுக்குப் பதில் சொல்லத்தான் வாயிலேர்ந்து எடுத்தியா?"

"ஆமாம்மா. உங்ககிட்ட அப்படி நின்னு பேசுறது மரியாதை இல்லேன்னு..."

"மரியாதையா" என்றார். கியரை மாற்றி இன்னும் அழுத்தி ஓட்டினார்.

அன்று பொழுது சாயும்போது ஆபரேஷனில் பெண் குழந்தை பிறந்தது. தாயும் பிழைத்தாள். ஆஸ்பத்திரி வாசலில் காரின் முன் இடது ஹப்பில் உள்ளங்கையை வைத்துப் பார்த்தேன். சூடு ஏறவில்லை. உங்களுக்குக் காய்ச்சல் வந்தால் நெற்றியில் கை வைத்துப் பார்ப்பேனே, காய்ச்சல் விட்ட மறுநாள் நெற்றி எப்படி இருக்கும், அந்தச் சூடுதான் இருந்தது. ஒரு மாதம் கழித்துக் கருப்பையா ஷெட்டுக்கு ஒரு பூசணிக்காயைத் தூக்கிக்கொண்டு வந்தார். "கழுத்தப் புடிச்சுட்டேன், மனசுல வச்சுக்காதீங்க அப்பு" என்றார். தப்புச் செய்தவன் பூசணிக்காயை வாங்கிக்கொள்வதா என்று நான் தயங்க, பாட்சா பாய் வாங்கி வைத்துக்கொண்டார்.

மேஸ்திரி அதைப் பற்றி ஒரே ஒரு தடவைதான் பேசினார். மறுநாள் காலையில், ஷெட்டைத் திறக்கும்போது. "நான் தப்பான எடத்தப் பாத்துட்டேன்லே" என்றார். "வாயில இல்லேன்னா சக்கரத்துல இருக்கும்னு நெனச்சேன். காது ஒண்ணு இருக்குன்னு மறந்துட்டேன்." அன்றிலிருந்து ஹப் மூடியை நாங்கள் தட்டக் கூடாது. அவரே வந்து குனிந்து, மடங்கிய கால் இரண்டையும் விரலால் தொட்டுப் பார்த்துவிட்டுத் தன் கையால் தட்டுவார். அந்த வெள்ளைச் சட்டையில் முதல் கிரீஸ் கறை அப்படித்தான் விழுந்தது. டாக்டரம்மா அடுத்த தடவை வண்டி விட வந்தபோது தெருவோரமே நின்றுகொண்டார். கேள்வி கேட்கவில்லை. என் வேலை முடிகிறவரை தன் உதட்டில் ஒரு விரலை வைத்துக்கொண்டு நின்றார். சிரிக்காமல்தான்.

நான் அதற்குப் பிறகு, யார் வந்து கேட்டாலும், பின்னை வாயிலிருந்து எடுத்ததில்லை.

இனி சோப்பு டப்பா.

செல்வி, நீ மூன்றாம் வகுப்பு. பள்ளிக்கூடத்து ஓட்டப் பந்தயத்தில் முதலாவதாக வந்து, ரோஸ் நிறத்தில் ஒரு பிளாஸ்டிக் சோப்பு டப்பா பரிசு வாங்கினாய். அதை வீட்டுக்குக் கொண்டுபோகாமல் நேரே ஷெட்டுக்கு ஓடி வந்தாய். "அப்பா, பஸ்ட்டு! அப்பா, நான் பஸ்ட்டு!" என்று எனக்குப் பின்னால் நின்று கத்தினாய். மூன்று தடவை. நான் திரும்பவில்லை. நாலாவது தடவை நீ கத்தவில்லை. அன்று ராத்திரி நீ சாப்பிடாமல் படுத்துவிட்டாய் என்று உங்கள் அம்மா சொன்னாள். மறுநாள் மிட்டாய் வாங்கிக் கொடுத்தேன். காரணம் சொல்லவில்லை. ஏழு வயதுப் பிள்ளையிடம், அப்பா ஒரு தடவை ஒரு பிள்ளைத்தாய்ச்சியைச் சாகக் கொடுக்கப் பார்த்தேன் என்று எப்படிச் சொல்வது? அப்புறம் நாள் ஆக ஆக, சொல்ல நினைத்ததே சொல்லிவிட்ட மாதிரி ஆகிவிட்டது.

அன்று வேலையில் இருந்தது யாருடைய வண்டி என்று எனக்கு இப்போது ஞாபகம் இல்லை. முன் இடது சக்கரம் என்பது மட்டும் ஞாபகம் இருக்கிறது. நீ கூப்பிட்ட மூன்று தடவையும் எனக்குக் கேட்டதம்மா. மூன்றாவது தடவை கூப்பிடும்போது வெட்டும் துளையும் ஒரு மயிரிழை தள்ளி நின்றது. பின்னை விட்டு, காலைப் பிரித்து மடக்கி, நகத்தால் நிமிண்டிப் பார்த்துவிட்டுத் திரும்பினேன். தெருவில் புழுதிதான் இருந்தது. வாய் காலியானதும் நான் முதலில் சொன்னது உன் பெயரைத்தான். "செல்வி" என்று கூப்பிட்டேன். நீ அதற்குள் திருப்பம் தாண்டிப் போயிருந்தாய்.